வெற்றிப் படிகளில் என் கட்டைவிரல்

உட்காருங்கள் அக்கா, இடம் இருக்கிறது. இந்தப் பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆமாம், சால்வைதான். எனக்குத்தான் போட்டார்கள். மாலைகூடப் போட்டார்கள். மேடைப் படியிறங்கும்போதே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அடுத்த ஆள் கழுத்துக்கு வேண்டுமாம். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

என்ன சாதனை என்றா கேட்கிறீர்கள்? எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அவ்வளவுதான். இருபத்தேழு வயதுப் பொம்பளைக்குத் தன் பெயரை எழுதத் தெரிகிறது என்று பந்தல் போட்டு, மைக் கட்டி, கை தட்டியிருக்கிறார்கள். எனக்கு அது ஆறு வயதிலேயே தெரியும். அதை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் இப்படி யாரிடமும் பேசுகிற ஆள் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. இலையைப் பார்த்து அவர்களாகப் போட்டால் உண்டு. உங்களிடம் பேசுகிறேன் என்றால், நீங்கள் யாரோ, நான் யாரோ. பிள்ளையும் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை மாதிரி நெஞ்சில் கிடக்கிறது, இறக்கி வைக்கிறேன்.

எங்கள் ஒன்றியத்தில் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு எல்லாம் சேர்த்து வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி மடல் வரும். 'வெற்றிப் படிகள்' என்று பெயர். செல்போனில் பெற்றோர் குரூப்பில் போடுவார்கள். நாலு பக்கம், கலர் கலராக, ஓரத்தில் புறா பறக்கும். மற்றவர்கள் எல்லாம் திறந்துகூடப் பார்க்காமல் கும்பிடுகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒரு எழுத்து விடமாட்டேன். எங்கள் தெருவில் அதை முதலிலிருந்து கடைசி வரை படிக்கிற ஒரே ஆள் நான்தான்.

என்ன இருக்கும் என்கிறீர்கள்? குடிதண்ணீர்த் தொட்டி திறந்தார்கள் என்று இருக்கும். திறந்தது நிஜம். குழாயைத் திறந்தால்தான் ஒன்றும் வராது. மரக்கன்று நட்டார்கள் என்று இருக்கும். மூன்று வருசமாக ஒரே குழி அக்கா. ஒவ்வொரு ஆடி மாதமும் அதே குழியில் புதுக் கன்று, புது அதிகாரி, பழைய மண்வெட்டி. அந்தக் குழிக்கே ஒரு விருது கொடுக்கலாம், அவ்வளவு உழைத்திருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் மாவட்ட அளவில் ஒரு பெண்பிள்ளை ஜெயித்தாள் என்று ஒரு தடவை படம் வந்தது. பதினோரு பெரியவர்கள் ஒரே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினோரு பேரில் ஒருத்தருக்கும் பஸ் நிறுத்தம் வரை ஓடுகிற உடம்பு இல்லை. ஓடின பிள்ளை எங்கே என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். ஒரு சாரின் முழங்கைக்குக் கீழே சிவப்பு ரிப்பன் தெரிந்தது. ரிப்பன் மட்டும்.

கை கழுவும் விழா என்று ஒன்று நடத்துவார்கள். என்னைக் கேட்டால், அவர்களுக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

அப்படி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தவள்தான் நான். ஒரு நாள் நானே அதில் வந்து நின்றேன்.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் கூடலேந்தல் பள்ளிக்கூடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு என்று சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். இருபது பேரைக் காட்ட வேண்டுமாம். வந்தவர்கள் ஏழு பேர். எச்.எம். புஷ்பலீலா டீச்சர் என்ன செய்தார், பெற்றோர் கூட்டம் என்று சொல்லி அம்மாக்களை எல்லாம் கூப்பிட்டார். பெற்றோர் கூட்டம் என்றுதான் சொன்னார், கவனித்துக்கொள்ளுங்கள். போய் வரிசையில் நின்றோம். மேசை மேல் ஒரு நோட்டு, பக்கத்தில் ஊதா மைப் பெட்டி. எனக்கு முன்னால் கோசலை அக்கா.

கோசலை என்றால் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறது, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறது. நாற்பத்தைந்து வயது. எழுத்துக்கும் எறும்புக்கும் வித்தியாசம் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் பஸ்ஸையே கண்டுபிடிக்கும். அது கட்டைவிரலை மையில் அழுத்தி நோட்டில் உருட்டிவிட்டு நகர்ந்தது. அடுத்து நான். டீச்சர் தலை நிமிரவே இல்லை. என் கையைப் பிடித்தார், விரலை மையில் வைத்தார். பேனா அவர் காதோரம் செருகி இருந்தது. 'டீச்சர், பேனா குடுங்க.' மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் பொம்பளைகள் நிற்கிறார்கள், 'சீக்கிரம் போம்மா, அடுப்புல வச்சுட்டு வந்திருக்கேன்' என்று ஒருத்தி முதுகில் இடிக்கிறாள். அதற்குள் விரல் நோட்டில் பதிந்துவிட்டது.

நானா வைத்தேன்? அவர்கள் பிடித்து வைத்தார்கள். சரி, விரல்தானே, கழுவினால் போகிறது என்று வந்துவிட்டேன். வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவினேன், போய்விட்டது. நோட்டில்தான் போகவில்லை.

நாலு மாதம் கழித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது டீச்சர் கூப்பிட்டார். 'குணா, இப்படி வந்து உக்காரு. இந்த சிலேட்டப் பிடி. கொஞ்சம் சிரி பார்ப்போம்.' ஏதோ பிள்ளைகள் விசயமாக இருக்கும் என்று சிலேட்டைப் பிடித்தேன், சிரித்தேன். படத்தில் நன்றாகத்தான் இருந்தேன், அதை நான் மறைக்கவில்லை. அந்தப் பச்சைப் புடவை எனக்கு எடுக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மடல் வந்தது. முதல் பக்கத்தில் நான். மேலே கொட்டை எழுத்தில், 'கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு! கூடலேந்தலின் சாதனைத் தாய்!' கீழே படித்தேன். 'எழுத்தறிவற்ற இருளில் வாழ்ந்த இவர்' என்று இருக்கிறது. இருளாம் அக்கா. எங்கள் வீட்டில் இரண்டு டியூப் லைட் எரிகிறது. 'இன்று தம் பெயரைத் தாமே எழுதி மகிழ்கிறார்.' மகிழ்கிறேனாம். என்னைக் கேட்டார்களா?

அதிலும் என் பெயரைப் பாருங்கள். குணவதி. மூன்று சுழி ண. அவர்கள் இரண்டு சுழி போட்டிருந்தார்கள். குனவதி. குணத்தை எடுத்துவிட்டார்கள், குனிந்து நிற்கிறவள் மாதிரி ஆக்கிவிட்டார்கள். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததாக மடல் போடுகிறார்கள், என் பெயரில் ஒரு சுழியைக் காணோம்.

நான் அஞ்சாவது வரை படித்தவள் அக்கா. எங்கள் வகுப்பில் வாசிப்பில் நான்தான் முதல். அதற்கு மேல் போகவில்லை. தம்பி பிறந்தான், அம்மா களை எடுக்கப் போக வேண்டியிருந்தது, நான் தொட்டிலை ஆட்டினேன். அஞ்சு வருசம் என்றாலும் படிப்பு படிப்புதானே?

என் வீட்டுக்காரருக்குச் செல்போனைக் காட்டினேன். லாரியில் லோடு ஏற்றிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். 'ஏய், முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்கடி!' என்று சாம்பார் கையோடு வாங்கி, அவர் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். 'படிச்சுப் பாருங்க' என்றேன். 'படம்தான் இருக்கே, அப்புறம் என்னத்தப் படிக்கிறது?' என்றார். அவரிடம் என்ன பேச.

அதுவெல்லாம்கூடப் போகட்டும். என் மகள் கவிநயா, நாலாவது படிக்கிறாள். அவளுக்கு முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுத்தது நான். குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் ஈரக்கையால் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டுவேன், காய்வதற்குள் அவள் படிக்க வேண்டும். அப்படிக் கற்றவள். வீட்டுப்பாடம் என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு என் முழங்காலில் சாய்ந்துகொள்வாள். மடல் வந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், நோட்டை எடுத்தாள், நேராகப் பக்கத்து வீட்டு நர்மதாவிடம் போய்விட்டாள்.

'ஏன் பாப்பா, அம்மாகிட்ட எழுதலையா?'

'எல்லாரும் என்னைக் கைநாட்டு கவிநயான்னு கூப்புடுறாங்க.'

'அது அவங்க தப்பாப் போட்டுட்டாங்கடி. நான் அஞ்சாவது படிச்சவ.'

'அப்ப ஏன் மை வெச்ச? நோட்டுல உன் விரல் இருக்காம். பசங்க பார்த்துட்டு வந்து சொன்னாங்க.' அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'அந்த மடல் பொய்யா, நீ பொய்யாம்மா?'

ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது? கூச்சமாக இருந்தது, அதனால் விரலை வைத்தேன் என்று பிள்ளையிடம் சொல்ல முடியுமா? 'அப்ப அடுத்த வாரம் மாத்திப் போடச் சொல்லு. அப்பத்தான் நம்புவேன்' என்று சொல்லிவிட்டு நர்மதா வீட்டுக்குள் போய்விட்டாள்.

மாற்றிப் போட ஒரு வரி போதும். 'குணவதி அஞ்சாம் வகுப்பு படித்தவர், தவறாக வந்துவிட்டது.' அந்த வரிக்காகத்தான் அக்கா நான் அலைந்தேன். அது வராவிட்டால் என் மகளுக்கு நான் பொய்.

மறுநாள் டீச்சர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் நின்று, 'டீச்சர்...' என்றேன்.

'வா குணா, வா வா! ஆயிசு நூறு உனக்கு. இப்பத்தான் ஆபீஸ்ல இருந்து போன். உன் போட்டோவப் பார்த்துட்டு பெரிய ஆபீசரே கேட்டாராம், யார் அந்தத் தாய்னு. வர்ற சனிக்கிழமை விழா. உனக்கு சர்டிபிகேட், சால்வை எல்லாம் உண்டு.'

'இல்ல டீச்சர், வந்து...'

'பயப்படாத. நீ ஒண்ணுமே பேச வேணாம். போர்டுல உன் பேர மட்டும் எழுது. மெதுவா எழுது, என்ன? ரொம்ப வேகமா எழுதிடாத, நம்ப மாட்டாங்க.'

நான் போன விசயம் ஒரு வரி. வெளியே வரும்போது என் கையில் அழைப்பிதழ் இருந்தது. 'சரிங்க டீச்சர்' என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த அம்மா அடுத்தவர் வாயைத் திறக்க விட்டால்தானே?

அன்றைக்குச் சாயங்காலம் கோசலை வீட்டு வாசலில் வந்து நின்றது. மடலை யாரோ அதற்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

'ஏம்மா குணவதி, நீ படிச்ச பொண்ணாச்சே! எங்க வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரிச் சீட்ட நீதானே படிச்சுச் சொன்ன? நான் வேணா டீச்சர்கிட்ட சொல்றேன். தினம் வகுப்புக்கு வர்றது நானு, படத்துல நிக்கிறது நீயி. ரெண்டையும் சேர்த்தே கேட்டுப்புடறேன். எனக்கு என்ன கூச்சம்?'

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் படித்தவள் என்று சொல்ல ஒரு கைநாட்டு வந்து சாட்சி நிற்க வேண்டுமா? ஊர் சிரிக்காதா? 'நீ உன் வேலையப் பாருக்கா' என்றேன். அதன் முகம் சின்னதாகப் போய்விட்டது. போகட்டும். அது இப்போது கூட்டி வாசிக்கிறதாம், சூளையில் செங்கல் மேல் கரியால் தன் பெயரை எழுதி வைக்கிறதாம். சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, எனக்கு எதற்கு?

நான் வேறு ஒரு யோசனை வைத்திருந்தேன். பேச வராது, எழுத வருமே? போர்டில் பெயரை எழுதச் சொல்வார்கள். பெயரோடு நிறுத்தாமல், 'நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்' என்று கூடவே எழுதிவிடுவது. அத்தனை பேர் பார்ப்பார்கள், போட்டோவில் வரும், மடலிலும் வந்தாக வேண்டும். நாலு நாள் வீட்டில் சுவரில் எழுதிப் பழகினேன், எழுத்து முத்து முத்தாக வந்தது.

இன்றைக்குத்தான் விழா, ஒன்றிய ஆபீஸ் வாசலில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் கை தட்டுவதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். கவிநயா மூன்றாவது வரிசை. கோசலை கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் நின்றது. அதற்கு நாற்காலி போடவில்லை. ஒருத்தர் அரை மணி நேரம் பேசினார், நான் என்னமோ கிணற்றில் இருந்து தூக்கப்பட்டவள் மாதிரி. அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போர்டுக்கு முன்னால் போய் நின்றேன். எழுதினேன். குணவதி. மூன்று சுழியும் சுத்தமாக விழுந்தது. பக்கத்தில் 'நான்' என்று ஆரம்பித்தேன்.

டீச்சர் சிரித்த முகத்தோடு என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். 'பேரு மட்டும் போதும்னு சொன்னேன்ல? அழி. அப்புறம், ரெண்டு சுழியாப் போடு குணா. சர்டிபிகேட்ல அப்படித்தான் அடிச்சிருக்காங்க. போட்டோவுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், வித்தியாசமாத் தெரியும்.'

நீங்களே சொல்லுங்கள், என்ன செய்ய முடியும்? நூறு பேர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். 'நான்' என்று எழுதியதைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். அப்புறம் அந்த எழுத்தையும் துடைத்துவிட்டு, இரண்டு சுழியாகப் போட்டேன்.

'அம்மா! மூணு சுழிம்மா!'

கவிநயா எழுந்து நின்று கத்தினாள். அவளால் பொறுக்க முடியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை அல்லவா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அக்கா. போதும், இனி எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த ஆபீசர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். 'பார்த்தீர்களா! தாய்க்கே பாடம் நடத்தும் மகள்! இதைவிடப் பெரிய சாதனை உண்டா?' கூட்டம் கை தட்டியது தட்டியதுதான். சர்டிபிகேட்டில் இரண்டு சுழி இருப்பதை யாரும் பார்க்கவில்லை. போட்டோக்காரர் தாவி வந்தார். அடுத்த வாரத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று டீச்சருக்கு முகமெல்லாம் பல். பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

'வெரிகுட் பாப்பா. மூணு சுழின்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?' என்று ஆபீசர் மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். நான் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மேடையில் என்னால் தலை நிமிர முடியாது அக்கா, அது என் சுபாவம். மைக்கில் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்.

'எங்க எச்.எம். டீச்சர்.'

கை தட்டல் இன்னும் பலமாக வந்தது. டீச்சர் பிள்ளையைக் கட்டிக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒன்றும் இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் மைக் என்னிடம் வந்தது. 'நீங்க ஒரு ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா.' இரண்டு வார்த்தைதானே கேட்டார்கள்? 'நன்றி, வணக்கம்' என்றேன்.

பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அவள் கெட்டிக்காரி. யார் பெயரைச் சொன்னால் கை தட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுப்பதுதான். வீட்டில் நான் அப்படி வளர்க்கவில்லை.

நீங்கள் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், என் பக்கத்தில்தான் உட்கார்ந்து இருந்தாள். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையில் இருந்து சர்டிபிகேட்டை எடுத்து மடியில் விரித்தாள்.

'அம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னு உனக்குப் படிச்சுக் காட்டட்டுமா?'

கேலி ஏதாவது இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை அக்கா. பாவம் பார்க்கிற முகம். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, அவசரப்படாமல், ஒரு சொல் முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய், முழுவதையும் படித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. 'புரியுதாம்மா?' என்று கேட்டாள்.

சுற்றிலும் ஆட்கள். எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

'புரியுது பாப்பா' என்றேன். 'இன்னொரு தடவை படி.'